உங்கள் மின்கட்டணத்தில் அரசியல் செலவு: அமெரிக்காவில் அதைக் கண்டுபிடித்து நீக்கவைப்பது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் இலையுதிர்கால மாலையில் எங்கள் தபால்பெட்டியில் பளபளப்பான அட்டை ஒன்று கிடந்தது. புல்வெளியில் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு குடும்பம். அதன் கீழே, மாநிலச் சட்டமன்றத்தில் இருந்த ஒரு மின்சார மசோதாவின் பெயரும், "உங்கள் உறுப்பினரை இன்றே அழைத்துப் பேசுங்கள்" என்ற வேண்டுகோளும். அனுப்பியவர் இடத்தில், அக்கம்பக்கத்துக் குடிமக்கள் கூடித் தொடங்கியது போன்ற ஒரு சங்கத்தின் பெயர். அதே பெட்டியில் அந்த மாத மின்கட்டண ரசீதும் இருந்தது. இரண்டையும் சமையலறை மேசையில் அருகருகே வைத்துவிட்டுத் தேநீர் போட்டேன். தேநீர் ஆறும்வரை ஒரே கேள்விதான் மனத்தில் ஓடியது. இந்த அட்டையை அச்சடித்த பணம் யாருடையது?

விடை தேடிப் போனபோது நான் கற்றுக்கொண்டதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். அமெரிக்காவில் வீடு எடுத்து மின்கட்டணம் கட்டும் தமிழர்கள் பல மாநிலங்களில் இருக்கிறார்கள். அவர்களில் பணி விசாவில் இருப்பவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. அதனாலேயே இது தங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் கட்டண ஆணையத்தின் முன் கருத்துச் சொல்ல வாக்காளராக இருக்க வேண்டியதில்லை. கட்டணம் கட்டுகிறவர் என்ற தகுதி போதும்.

பணம் போகும் பாதை

ஒரு கடைக்காரர் தன் லாபத்தில் எந்தக் கட்சிக்குக் கொடுத்தாலும், பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். மின் கம்பிக்கு அடுத்த கடை கிடையாது. ஓர் ஊருக்கு ஒரே நிறுவனம் என்று அரசே ஏகபோக உரிமை கொடுக்கிறது. பதிலுக்கு, என்ன விலை வாங்கலாம் என்பதை மாநில ஒழுங்குமுறை ஆணையம் தீர்மானிக்கிறது.

தீர்மானிக்கும் முறை எளிமையானதுதான். நடைமுறைச் செலவு, தேய்மானம், வரி ஆகியவற்றைக் கூட்டுவார்கள். மின்கம்பம், மின்மாற்றி, மின்நிலையம் போன்றவற்றில் போட்ட முதலீட்டின்மேல் நியாயமான லாபம் என்று ஒரு சதவீதத்தைச் சேர்ப்பார்கள். வரும் மொத்தத் தொகையை வாடிக்கையாளர்களிடம் பிரித்து வசூலிக்க அனுமதி தருவார்கள். ஆகவே ஒரு செலவை நிறுவனம் எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தத் துறையில் இருப்பவர்கள் "கோட்டுக்கு மேலே", "கோட்டுக்குக் கீழே" என்று பேசுவார்கள். மேலே எழுதினால் நாம் கட்டுகிறோம். கீழே எழுதினால் பங்குதாரரின் லாபத்திலிருந்து போகிறது.

கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் கணக்கு விதிகளில், அரசியல் செலவுக்கென்றே 426.4 என்ற தலைப்பு இருக்கிறது. அது கோட்டுக்குக் கீழே உள்ள தலைப்பு. தேர்தல், பொதுவாக்கெடுப்பு, சட்டம் இயற்றுதல் ஆகியவற்றில் பொதுமக்கள் கருத்தை வளைக்கச் செய்யும் செலவும், அரசு அதிகாரிகளின் முடிவுகளை வளைக்கச் செய்யும் செலவும் அங்கேதான் எழுதப்பட வேண்டும். ஒரு விதிவிலக்கு உண்டு: நிறுவனம் தன் வேலை தொடர்பாக ஆணையத்தின் முன் நேரடியாக ஆஜராகும் செலவு அதில் சேராது. விதி தெளிவாகவே இருக்கிறது. ஆனால் எந்தச் செலவு எங்கே போக வேண்டும் என்று முதலில் முடிவெடுப்பது நிறுவனத்தின் கணக்காளர். சிக்கல் முழுவதும் அந்த மேசையில்தான் தொடங்குகிறது.

இது நூறாண்டுச் சண்டை

1920-களில் அமெரிக்க மின் நிறுவனங்களின் சங்கமாக இருந்தது நேஷனல் எலக்ட்ரிக் லைட் அசோசியேஷன். பள்ளிப் பாடநூல்களைத் தங்களுக்குச் சாதகமாகத் திருத்தவைப்பது, பேராசிரியர்களுக்குப் பணம் கொடுப்பது, பத்திரிகைகளில் செய்தி போலவே பிரசாரத்தை நுழைப்பது என்று அது செய்த வேலைகளைக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1928 முதல் 1935 வரை விசாரித்து வெளியே கொண்டுவந்தது. செலவைக் கண்டு அஞ்ச வேண்டாம், செலவைக் கட்டுவது பொதுமக்கள்தான் என்று அந்தச் சங்கத்தின் நிர்வாக இயக்குநர் தம் ஆட்களிடம் சொன்ன வார்த்தைகளும் அந்த விசாரணையோடு பதிவில் ஏறின. சங்கம் 1933-இல் கலைக்கப்பட்டது. அதன் இடத்தில் எடிசன் எலக்ட்ரிக் இன்ஸ்டிடியூட் வந்தது. அது இன்றும் இருக்கிறது.

1935-இல் மின் நிறுவனக் குழுமங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்தபோது எதிர்ப்புத் தந்திகள் குவிந்தன. பென்சில்வேனியாவின் வாரன் என்ற சிற்றூரிலிருந்து வந்தவற்றைப் புரட்டிய ஓர் உறுப்பினர், அனுப்பியவர்களின் பெயர்கள் அகரவரிசையின் முதல் எழுத்துகளிலேயே குவிந்திருப்பதைக் கவனித்தார். செனட்டர் ஹியூகோ பிளாக் விசாரித்தபோது, ஊர்ப் பெயர்ப்பட்டியலைப் பார்த்துப் பெயர் எழுதி, நிறுவனச் செலவில் அனுப்பிய தந்திகள் அவை என்பது தெரிந்தது. என் தபால்பெட்டிக்கு வந்த அட்டையின் பாட்டன் அந்தத் தந்தி என்றே நினைக்கிறேன்.

அந்தச் சட்டம் நிறைவேறியது. பதிவு பெற்ற மின் குழுமங்கள் கட்சிகளுக்கும் வேட்பாளர்களுக்கும் பணம் கொடுக்க அதில் தடை இருந்தது. 2005-இல் சட்டமே நீக்கப்பட்டது.

சட்டம் எதுவரை போகலாம்?

கேள்வி கேட்கப் போகும்முன் இதைத் தெளிவாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முதல் கூட்டத்திலேயே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உங்கள் வாதத்தைக் கவிழ்த்துவிடுவார்.

நிறுவனம் அரசியல் பேசக் கூடாது என்று தடுக்க முடியாது. நியூயார்க்கில் கன்சாலிடேட்டட் எடிசன் நிறுவனம் அணுமின்சாரத்தை ஆதரிக்கும் துண்டுத்தாளை ரசீதோடு வைத்து அனுப்பியது. சர்ச்சைக்குரிய பொருள் பற்றிய தாள்களை அப்படி அனுப்பக் கூடாது என்று மாநில ஆணையம் போட்ட தடையை 1980-இல் உச்சநீதிமன்றம் நீக்கியது. கலிபோர்னியாவில் பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் நிறுவனம், எதிர்க்கருத்துள்ள நுகர்வோர் அமைப்பின் தாளையும் தன் உறையில் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டபோது, 1986-இல் அதுவும் செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

ஆனால் 1980 தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. அந்தத் துண்டுத்தாள்களின் செலவைக் கட்டணக் கணக்கிலிருந்து ஆணையம் விலக்கலாம் என்று நீதிமன்றமே அங்கே குறிப்பிடுகிறது. நம் வாதம் முழுவதும் நிற்கும் இடம் அதுதான்: பேசட்டும், தாராளமாகப் பேசட்டும், பங்குதாரர் பணத்தில் பேசட்டும். என் வீட்டு விளக்குக்கு நான் கட்டும் பணத்தை எடுத்து, எனக்கு எதிரான சட்டத்துக்கு ஆதரவு திரட்ட வேண்டாம். 1978-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் ஒன்றும் இதே தரத்தை முன்வைத்தது. அரசியல் விளம்பரச் செலவைப் பங்குதாரர் அல்லாத எவரிடமும் வசூலிக்கக் கூடாது என்ற விதியை ஏற்பது பற்றி ஒவ்வொரு மாநில ஆணையமும் பரிசீலிக்க வேண்டும் என்று அது சொன்னது.

படி 1: உங்கள் நிறுவனம் எந்த வகை?

ரசீதின் மேல்மூலையில் உள்ள பெயரைப் பாருங்கள். நகராட்சி நடத்தும் மின் அமைப்பு என்றால் கேள்வி கேட்க வேண்டிய இடம் நகர்மன்றம். கூட்டுறவு என்றால் உறுப்பினர் கூட்டம். அமெரிக்க வாடிக்கையாளர்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் பங்குதாரர்களுக்குச் சொந்தமான தனியார் நிறுவனங்களிடம்தான் மின்சாரம் வாங்குகிறார்கள். இந்த வழிகாட்டி அவர்களுக்கானது.

டெக்சாஸில் இருப்பவர்களுக்கு ஒரு தனிக்குறிப்பு. அங்கே பெரும்பகுதியில் மின்சாரம் விற்கும் நிறுவனம் வேறு, கம்பி வைத்திருக்கும் நிறுவனம் வேறு. விற்பவரை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். கட்டண வழக்கு நடப்பது கம்பி நிறுவனத்தின்மேல்தான். ஆகவே ரசீதில் சிறிய எழுத்தில் இருக்கும் அந்த இரண்டாவது பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஆண்டறிக்கையில் இரண்டு பக்கங்கள்

பெரிய மின் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் ஏப்ரலில் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்திடம் "படிவம் 1" என்ற அறிக்கையைத் தாக்கல் செய்கிறது. ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சில நூறு பக்கங்கள் இருக்கும். மிரள வேண்டாம், முதல் நாளில் இரண்டு பக்கங்கள் போதும்.

117-ஆம் பக்கம் வருமானக் கணக்கின் தொடர்ச்சி. அதில் 426.1 நன்கொடை, 426.3 அபராதம், 426.4 அரசியல் செலவு என்று வரிசையாக இருக்கும். இவை கோட்டுக்குக் கீழே, நாம் கட்டாதவை. 426.4-இல் உள்ள தொகையை ஒரு தாளில் எழுதி, முந்தைய ஐந்து ஆண்டுகளின் அறிக்கைகளையும் திறந்து பக்கத்திலேயே எழுதுங்கள். சட்டமன்றத்தில் பெரிய மின்சார மசோதா வந்த ஆண்டில் அந்தத் தொகை ஏறவே இல்லை என்றால் காரணம் கேட்கத் தோன்ற வேண்டும். நிறுவனத்தின் பெயர் செய்திகளில் நாள்தோறும் அடிபட்ட ஆண்டில் அரசியல் செலவு குறைவாக இருப்பது நல்ல செய்தி ஆகாது. வேறு தலைப்பில் எழுதியிருக்கலாம்.

335-ஆம் பக்கம் 930.2 என்ற "பலவகைப் பொதுச் செலவு". அதன் முதல் வரியே தொழிற்சங்கச் சந்தா. நான் சொல்வது தொழிலாளர் சங்கத்தை அல்ல, நிறுவனங்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் சங்கத்தை. இது கோட்டுக்கு மேலே இருக்கிறது. அதாவது கட்டணத்தில் சேர்க்கக் கேட்கலாம்.

இவை தவிர 930.1 பொது விளம்பரம், 923 வெளியார் சேவை, 920 நிர்வாகச் சம்பளம் ஆகிய தலைப்புகளையும் நினைவில் வையுங்கள். ஆலோசகர்கள், மக்கள்தொடர்பு நிறுவனங்கள், சட்ட நிறுவனங்கள் எல்லாம் 923-இல் மொத்தமாக அடங்கிவிடும். உங்கள் நிறுவனம் ஒரு பெரிய குழுமத்தின் கிளை என்றால், குழுமத்தின் சேவை நிறுவனம் தன் செலவைக் கிளைகளுக்குப் பங்கு பிரித்து அனுப்பும். அதற்குத் தனியாகப் "படிவம் 60" உண்டு. வேறு மாநிலத்தில் இருக்கும் தலைமையகத்தின் லாபியாளர், அதாவது சட்டம் இயற்றுபவர்களையும் அதிகாரிகளையும் அணுகி நிறுவனத்துக்கு ஆதரவு திரட்டுபவர், வாங்கும் சம்பளத்தில் ஒரு துளி உங்கள் ரசீதுக்கு வருவது இந்த வழியாகத்தான்.

படி 3: சந்தா ரசீதைக் கேளுங்கள்

என் அனுபவத்தில் அதிகப் பலன் தரும் இடம் இது. சற்று நின்று பார்ப்போம்.

நிறுவனங்களின் சங்கம் அனுப்பும் சந்தா ரசீதில் வழக்கமாக ஒரு குறிப்பு இருக்கும்: இந்தச் சந்தாவில் இத்தனை சதவீதம் லாபி வேலைக்குப் போகிறது, அந்தப் பகுதிக்கு வருமானவரிக் கழிவு கிடையாது என்று. நிறுவனம் அந்தச் சதவீதத்தை மட்டும் கழித்து, மீதியை வாடிக்கையாளர் கணக்கில் சேர்க்கும். "லாபிப் பங்கை நாங்களே விலக்கிவிட்டோம்" என்று சாட்சியத்திலும் சொல்லும். கேட்பதற்கு நேர்மையாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்தச் சதவீதம் வருமானவரிச் சட்டத்தின் வரையறைப்படி கணக்கிடப்பட்டது. சட்டமன்ற உறுப்பினர்களை அணுகுவது, தேர்தலில் தலையிடுவது போன்றவை அதில் சேரும். சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று புதிய விதி கொண்டுவரும்போது அதன் அதிகாரிகளை அசைக்கச் செய்யும் வேலையில் பெரும்பகுதி சேராது. தொழிலின் நற்பெயரை வளர்க்கும் பொதுவான பிரசாரமும் சேராது. 426.4-இன் வரையறையோ அரசு அதிகாரிகளின் முடிவுகளை வளைக்கும் செலவு என்று விரிவாகப் பேசுகிறது. சிறிய அளவுகோலால் அளந்துவிட்டுப் பெரிய அளவுகோலுக்கும் அதே விடையைக் காட்டுகிறார்கள்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியவை இவை. சந்தா ரசீதின் முழு நகல். சங்கத்தின் வரவுசெலவில் ஒவ்வொரு துறைக்கும் எவ்வளவு போனது. சங்கம் தன் உறுப்பினர் கட்டணத்திலிருந்து வேறு எந்த அமைப்புகளுக்குப் பணம் கொடுத்தது. இந்தச் சந்தாவால் வாடிக்கையாளருக்குக் கிடைத்த பலன் என்ன; புயலுக்குப் பின் மாநிலம் விட்டு மாநிலம் ஆட்களை அனுப்பி உதவும் ஏற்பாடு போன்ற உண்மையான பலன் என்றால் அதற்கு மட்டும் எவ்வளவு செலவாயிற்று. கடைசிக் கேள்வியை விடாமல் கேளுங்கள். புயல் நிவாரணத்தைக் காட்டித்தான் முழுச் சந்தாவையும் நியாயப்படுத்துவார்கள்.

இந்தச் சங்கங்கள் வரித்துறைக்குக் கொடுக்கும் "படிவம் 990" பொதுமக்கள் பார்வைக்கு உரியது. அதைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் நிறுவனம் தரும் பதிலைச் சரிபார்க்கலாம். பெயரளவில் குடிமக்கள் சங்கமாக இருக்கும் அமைப்புகளும் பல வேளைகளில் இதே படிவத்தைத் தாக்கல் செய்கின்றன; யார் பணம் கொடுத்தார் என்பதை மட்டும் பொதுவில் சொல்ல வேண்டியதில்லை.

படி 4: ஆட்களின் நேரம்

மாநில லாபியாளர் பதிவேட்டைத் திறந்து, உங்கள் நிறுவனத்தின் பெயரில் பதிந்திருப்பவர்களைப் பட்டியலிடுங்கள். அவர்களில் யார் நிறுவனத்தின் நேரடி ஊழியர் என்று பாருங்கள். அவருடைய சம்பளம், ஓய்வூதியப் பங்கு, அலுவலக இடம், கார், பயணம் எல்லாம் எந்தத் தலைப்பில் எழுதப்படுகின்றன? நேரப்பதிவேடு வைக்கிறாரா, அல்லது ஆண்டின் முடிவில் "சுமார் இத்தனை சதவீதம்" என்று ஒரு மதிப்பீடா? சட்டமன்றம் கூடும் மாதங்களில் தலைமைச் செயல் அலுவலர் தலைநகரில் கழித்த நாட்கள் எந்தக் கணக்கில் இருக்கின்றன?

கட்டுமானச் செலவில் கலந்துவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. ஆலோசகருக்குக் கொடுத்த பணத்தை ஒரு மின்பாதைத் திட்டத்தின் முதலீடாக எழுதிவிட்டால், அதை நாம் ஒரு முறை கட்டுவதோடு முடியாது. பல ஆண்டுகளுக்கு அதன்மேல் லாபமும் சேர்த்துக் கட்டுவோம்.

படி 5: கட்டண வழக்கைக் கண்டுபிடித்துத் தேதிகளைக் குறியுங்கள்

நிறுவனம் கட்டண உயர்வு கேட்டு மனுத் தாக்கல் செய்யும்போது மாநில ஆணையம் அதற்கு ஒரு வழக்கு எண் கொடுக்கும். ரசீதோடு வரும் அறிவிப்பில் அந்த எண் இருக்கும். நம்மில் பலர் அதைப் படிக்காமல் குப்பையில் போடுகிறோம். ஆணையத்தின் இணையதளத்தில் எண்ணைத் தட்டினால் மனு, சாட்சியங்கள், அட்டவணைகள் எல்லாம் திறக்கும். மின்னஞ்சல் வழி அறிவிப்புக்குப் பதிந்துகொள்ளுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது கால அட்டவணை. தரப்பினராகச் சேரக் கடைசி நாள் எது, பொது விசாரணை எந்த ஊரில், எந்த மாலையில் என்று நாட்காட்டியில் எழுதுங்கள். அந்தக் கடைசி நாள் தவறிவிட்டால் மிஞ்சுவது கருத்துச் சொல்லும் வாய்ப்பு மட்டுமே.

படி 6: தரப்பினராகச் சேர்வது, அல்லது சேர்ந்தவரைப் பிடிப்பது

தரப்பினராகச் சேர்ந்தவர்களுக்குத்தான் தகவல் கோரிக்கை அனுப்பும் உரிமை உண்டு. நிறுவனம் குறித்த நாட்களுக்குள் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் விதிமுறைகள் கடினமானவை, நேரமும் நிறையப் பிடிக்கும்.

எளிய வழி ஒன்று இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் நுகர்வோர் சார்பாக வாதிட அரசு அலுவலகமோ பொதுநல அமைப்போ உண்டு. ஓஹையோவில் கன்ஸ்யூமர்ஸ் கவுன்சல், இல்லினாயில் சிட்டிசன்ஸ் யூட்டிலிட்டி போர்டு, கலிபோர்னியாவில் பப்ளிக் அட்வகேட்ஸ் அலுவலகமும் டர்ன் அமைப்பும். படி 2 முதல் 4 வரை நீங்கள் சேர்த்த எண்களையும் கேள்விகளையும் இரண்டு பக்கத்தில் எழுதி அவர்களுக்கு அனுப்புங்கள். அவர்களிடம் ஆட்கள் குறைவு, வழக்குகள் அதிகம். குறிப்பான பக்க எண்ணோடு வரும் கேள்வியை அவர்கள் வரவேற்பார்கள். கேட்கும் கேள்வி மொட்டையாக இருக்கக் கூடாது. "லாபிக்கு எவ்வளவு செலவிட்டீர்கள்?" என்றால் "எதுவும் சேர்க்கப்படவில்லை" என்று ஒரே வரியில் பதில் வரும். "அடிப்படை ஆண்டில் (கட்டணத்தைக் கணக்கிட எடுத்துக்கொண்ட ஆண்டில்) 923 தலைப்பில் மக்கள்தொடர்பு, அரசு உறவு ஆகிய பணிகளுக்குப் பணம் பெற்ற ஒவ்வொரு நிறுவனத்தின் பெயர், தொகை, ஒப்பந்த நகல், விலைப்பட்டியல் ஆகியவற்றைத் தருக" என்று கேட்டால் அப்படித் தப்ப முடியாது.

தனி மனிதரால் என்ன ஆகும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். மேற்கு வர்ஜீனியாவிலிருந்து மேரிலாண்டுக்குப் போக இருந்த பாத் என்ற உயரழுத்த மின்பாதைத் திட்டம் 2012-இல் கைவிடப்பட்டது. ஆனால் அதற்கு ஆதரவு திரட்டச் செய்த மக்கள்தொடர்புச் செலவுகள் வாடிக்கையாளர் கணக்கில் ஏறியிருந்தன. சுமார் 60 லட்சம் டாலர். மேற்கு வர்ஜீனியாவில் வசிக்கும் இரண்டு பெண்கள் வழக்கறிஞர் இல்லாமலேயே கூட்டாட்சி ஆணையத்தின் முன் அதை எதிர்த்து வாதாடினார்கள். முதலில் ஜெயித்தார்கள். 2020-இல் ஆணையம் தன் முடிவையே மாற்றிக்கொண்டது. அவர்கள் விடவில்லை. 2022-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது: அரசு அதிகாரிகளின் முடிவை வளைக்கப் பொதுமக்களிடம் செய்த அந்த மறைமுகப் பிரசாரமும் 426.4-இல்தான் எழுதப்பட வேண்டும். இன்று உங்கள் கேள்விக்குப் பின்னால் அந்தத் தீர்ப்பு நிற்கிறது. தாராளமாக மேற்கோள் காட்டுங்கள்.

படி 7: மூன்று நிமிடம் பேசுவது

நான் போன பொது விசாரணை ஓர் உயர்நிலைப் பள்ளியின் உணவுக்கூடத்தில் நடந்தது. மடக்கு நாற்காலிகள், காபியின் வாடை, முன்வரிசை மேசையில் நீதிபதி, பக்கத்தில் ஒவ்வொரு சொல்லையும் தட்டச்சும் பெண். எனக்கு முன்னால் பேசிய மூதாட்டி தன் கைப்பையிலிருந்து நான்காக மடித்த ரசீதை எடுத்து, இந்தக் குளிர்காலத்தில் எந்த அறையின் வெப்பத்தை நிறுத்தினேன் என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். கூடத்தில் ஒரு சத்தம் இல்லை. அதன்பின் நான் எழுந்து, பக்க எண் சொல்லி, சந்தாத் தொகையைச் சொல்லி, அதைக் கட்டணத்திலிருந்து நீக்குங்கள் என்றேன். அவர் பேசியது மனத்தில் நின்றது. நான் பேசியது ஆவணத்தில் நின்றது. இரண்டும் வேண்டும் என்று அன்று தெரிந்தது.

உங்கள் உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எழுதி வைத்துப் படிக்கலாம்; எழுத்து மூலமாகவும் அனுப்பலாம். பெயர், ஊர், வாடிக்கையாளர் என்ற தகுதி, வழக்கு எண், நீக்க வேண்டிய செலவு எது, ஏன் என்ற ஆறும் இருந்தால் போதும். ஒரு வாக்கியத்தை மட்டும் கட்டாயம் சேருங்கள்: கேட்கும் கட்டணம் நியாயமானது என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தின்மேல் இருக்கிறது, மறைந்திருக்கும் செலவைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை வாடிக்கையாளர்மேல் போடக் கூடாது.

படி 8: சமரசத்தைக் கவனியுங்கள்

பல கட்டண வழக்குகள் தீர்ப்பு வரை போவதில்லை. தரப்பினர் உட்கார்ந்து பேசி, மொத்தத் தொகை இவ்வளவு என்று முடித்துவிடுவார்கள். எந்தச் செலவு உள்ளே, எது வெளியே என்று சொல்லாமல் ஒரே எண்ணில் முடிக்கும் சமரசமும் உண்டு. அப்படி நடந்தால் சந்தா பற்றிய கேள்வி பதிலில்லாமலே கரைந்துவிடும். ஆகவே நுகர்வோர் அலுவலகத்திடம் முன்கூட்டியே கேளுங்கள்: சமரசம் வந்தால் அரசியல் செலவு நீக்கப்பட்டது என்ற வாக்கியம் அதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

படி 9: வழக்கிலிருந்து சட்டத்துக்கு

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். சந்தாவும் லாபிச் செலவும் நீங்கினால் ஒரு வீட்டுக்கு மிச்சமாவது பெரிய தொகை அல்ல. அதனால் ரசீது சட்டென்று இறங்கிவிடாது. நான் இதற்காக மெனக்கெடுவதற்குக் காரணம் அந்தச் சிறிய பணம் வாங்கித் தரும் பெரிய சட்டங்கள்.

ஓஹையோவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே 2019-இல் நிறைவேறிய மன்ற மசோதா 6, இரண்டு அணுமின் நிலையங்களைக் காப்பாற்ற வாடிக்கையாளர்களிடமிருந்து 100 கோடி டாலருக்கு மேல் வசூலிக்க வழி செய்தது. அதற்காக ஃபர்ஸ்ட்எனர்ஜி குழுமத்திலிருந்து சுமார் 6 கோடி டாலர், அவைத்தலைவர் லாரி ஹவுஸ்ஹோல்டரின் கட்டுப்பாட்டில் இருந்த ஓர் அமைப்புக்குப் போனது. அவர் 2020 ஜூலையில் கைதானார். 2023-இல் அவருக்கு 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நிறுவனம் 2021-இல் 23 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அதன் லாபிச் செலவுகளில் ஒரு பகுதி வாடிக்கையாளரைச் சென்றடையும் தலைப்புகளில் எழுதப்பட்டிருந்ததைக் கூட்டாட்சி ஆணையத்தின் தணிக்கை 2022-இல் காட்டியது. யாருடைய பணத்தில் யாருக்கு எதிராகச் சட்டம் வாங்கப்பட்டது என்பதை இதைவிட வெளிச்சமாகக் காட்டும் வழக்கு எனக்குத் தெரியாது.

அரிசோனாவின் கதை வேறு வகை. அங்கே கட்டண ஆணையர்களை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். இப்படிப் பத்து மாநிலங்கள் இருக்கின்றன. 2014 ஆணையர் தேர்தலில் 1 கோடியே 7 லட்சம் டாலர் செலவிட்டதை அம்மாநிலத்தின் மிகப் பெரிய மின் நிறுவனத்தின் குழுமம் 2019-இல்தான் வெளியிட்டது. அது பங்குதாரர் பணம் என்பதுதான் நிறுவனத் தரப்பின் பதில். ஆனால் தன் கட்டணத்தை முடிவுசெய்யப் போகிறவரின் தேர்தலில் ஐந்தாண்டு மறைத்துச் செலவழித்திருக்கிறார்கள். ஆகவே யார் கணக்கில் எழுதினார்கள் என்பதோடு, எழுதியதை வெளியில் சொன்னார்களா என்பதும் சட்டத்துக்குள் வர வேண்டும்.

2023-இல் கொலராடோ, கனெக்டிகட், மெய்ன் ஆகிய மூன்று மாநிலங்கள் வழி காட்டின. லாபி, சங்கச் சந்தா, நிறுவனப் புகழ் பாடும் விளம்பரம் போன்ற செலவுகளை வாடிக்கையாளரிடம் வசூலிப்பதற்கு எதிராக அவை சட்டம் இயற்றின. உங்கள் மாநிலத்தில் இப்படி ஒரு மசோதா வந்தால் நான்கு இடங்களைப் படித்துப் பாருங்கள்.

முதலாவது வரையறை. "வருமானவரிச் சட்டத்தில் உள்ளபடி லாபி" என்று எழுதியிருந்தால் படி 3-இல் சொன்ன ஓட்டை அப்படியே இருக்கிறது என்று பொருள். 426.4-இன் சொற்களாவது வேண்டும். இரண்டாவது, சந்தாவில் பங்கு பிரிக்கும் வேலையே வேண்டாம். லாபி செய்யும் சங்கம் என்றால் முழுச் சந்தாவும் பங்குதாரருக்கு. மூன்றாவது, ஆண்டுதோறும் ஆள்பெயர், தொகை, நேரம் என்று வரிவரியாக அறிக்கை; அதைப் பொறுப்புள்ள அலுவலர் ஒருவர் கையெழுத்திட்டு உறுதிசெய்ய வேண்டும். நான்காவது தண்டனை. தவறாக வசூலித்ததைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று இருந்தால், மாட்டிக்கொள்ளாத ஆண்டுகளெல்லாம் லாபம்தான். கலிபோர்னியாவில் எரிசக்திச் சிக்கன விதிகளை எதிர்க்க வாடிக்கையாளர் பணத்தைப் பயன்படுத்தியதற்காக சோகால்கேஸ் என்ற எரிவாயு நிறுவனத்துக்கு ஆணையம் 2022-இல் சுமார் 98 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. எடுத்த தொகையைவிடப் பல மடங்கு அபராதம் என்றால்தான் கணக்காளரின் பேனா சரியான தலைப்பைத் தேடும்.

ஆணை வந்த பின்

செலவை நீக்கச் சொல்லி ஆணை வந்துவிட்டால் கோப்பை மூடிவிடாதீர்கள். அடுத்த ஏப்ரலில் புதிய படிவம் 1 வரும். 335-ஆம் பக்கத்தில் சந்தா குறைந்து 117-ஆம் பக்கத்தில் 426.4 ஏறியிருந்தால் ஆணை நிறைவேறியிருக்கிறது. முதல் தொகை குறைந்து இரண்டாவது ஏறவே இல்லை என்றால் 923-ஐப் பாருங்கள். அங்கே அதே அளவுக்கு ஏறியிருந்தால், வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு, இரண்டு ஆண்டுத் தொகைகளையும் அடுத்தடுத்து எழுதி, ஆணையத்தின் தணிக்கைப் பிரிவுக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். நகலை நுகர்வோர் அலுவலகத்துக்கும் அனுப்பி, அவர்கள் அதை வழக்கு ஆவணங்களில் சேர்த்தார்களா என்று ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் கேளுங்கள்.